32 நாளா பாம்பு 'போகல'... பயப்படணுமா? வீட்டுப் பாம்புகளின் டாய்லெட் கணக்கு!

ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். "ப்ரோ, 32 நாளாச்சு. இன்னும் போகல."

யார், எங்கே போகலைன்னு குழம்பாதீங்க. அனுப்பியவர் ஆரம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் நண்பர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் அவர், அவருடைய அம்மா, அப்புறம் மூன்றடி நீளத்தில் ஒரு பால் பைத்தான். 'போகாதது' அந்தப் பாம்புதான்.

நாய்க்கோ பூனைக்கோ வயிறு சரியில்லைன்னா கேட்கறதுக்குத் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. பாம்புக்கு யாரைக் கேட்பது? லைஃப்ஸ்டைல் பக்கம் எழுதுறவன்தானே, இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு என்னைப் பிடிச்சுட்டார். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. படித்துப் பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டை ரயிலில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்கினேன்.

போனதும் நான் கேட்ட முதல் கேள்வி பாம்பைப் பற்றி இல்லை, பேப்பரைப் பற்றி. சிரித்துக்கொண்டே பரிவேஷ் தளத்தில் பதிவு செய்த விவரத்தை போனில் காட்டினார். இது ஏன் முக்கியம்னா, நம்ம ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி எதுவாக இருந்தாலும் சரி. வெளிநாட்டு இனங்களில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான 'சைட்டிஸ்'-இன் கீழ் வருபவற்றை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'இன்ஸ்டாவில் ஒருத்தர் விக்கிறார், பேப்பர் எல்லாம் வேண்டாமாம்' என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கில் இருந்து வந்த பெட்டிகளுக்குள் 45 பால் பைத்தான்களைச் சுங்கத் துறை பிடித்தது ஞாபகம் இருக்கலாம். பேப்பர் இல்லாத பாம்பு அப்படித்தான் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ட்யூப் லைட்டுக்குக் கீழே பாருங்க

பாம்பு எப்படிப் போகும் என்று புரிந்துகொள்ள பாம்பே தேவையில்லை. உங்கள் வீட்டு ட்யூப் லைட்டுக்குக் கீழே சுவரோரமாகப் பாருங்கள். கறுப்பாக ஒரு துண்டு, அதன் நுனியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. பல்லி எச்சம். அந்தக் கறுப்புதான் மலம். வெள்ளை? அதுதான் மூத்திரம்!

பாம்புக்கும் இதே கதைதான், அளவுதான் பெரிசு. மலம், மூத்திரம், இனப்பெருக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பாடப் புத்தகத்தில் 'குளோயகா' என்று படித்திருப்பீர்கள். பாம்புக்கு மூத்திரப்பை கிடையாது. நாம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பாம்பு அதே நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, பசையாகவோ கட்டியாகவோ தள்ளிவிடுகிறது. யூரிக் அமிலம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் அதை வெளியேற்ற நிறைய தண்ணீர் செலவாகாது. மாதக்கணக்கில் தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழ்கிற பிராணிக்கு இதைவிட நல்ல சிக்கனம் வேறென்ன இருக்க முடியும்?

நமக்கு இதே யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்தால் 'கௌட்'. கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்துவோம். பாம்பு மட்டும் எப்படித் தினமும் இதைத் தயாரித்தும் தப்பிக்கிறது? அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20-க்கும் மேற்பட்ட ஊர்வனங்களின் இந்த வெள்ளைக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து 2025-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது வெறும் சுண்ணாம்புத் தூள் இல்லை. மிக மிகச் சின்னப் படிகங்கள் சேர்ந்து உருண்டை உருண்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் நாளைக்கு மனுஷனுடைய கௌட், சிறுநீரகக் கல்லுக்கும் ஏதாவது வழி கிடைக்கலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பாம்பு மூத்திரத்தை ஆராய்ச்சி செய்யவும் ஆள் இருக்காங்க பாருங்க!

நண்பரிடம் கேட்டேன், "இந்த 32 நாளில் டப்பாவில் வெள்ளையா எதுவுமே இல்லையா?"

"அது அப்பப்போ சாக்பீஸ் துண்டு மாதிரி கிடக்கும் ப்ரோ. ஏதோ தூசின்னு எடுத்துப் போட்டுட்டேன்."

பாதி நிம்மதி அங்கேயே கிடைத்தது. மலம் வராத நாட்களிலும் பாம்பு இந்த வெள்ளையை மட்டும் தனியாகப் போடும். அது வருகிறது என்றால் சிறுநீரகம் வேலை செய்கிறது, வாசலும் முழுக்க அடைபடவில்லை என்று அர்த்தம்.

நாட்களை எண்ணாதீங்க, எலியை எண்ணுங்க

நமக்குத் தினமும் காலையில் போகணும். ஒரு நாள் போகலைன்னா அன்றைக்கு மூடே சரியில்லை. அதே கணக்கைப் பாம்பிடம் போட்டதுதான் நண்பர் செய்த தப்பு. பாம்புக்குக் காலண்டர் கிடையாது, சாப்பாடுதான் கணக்கு. அவருடைய பால் பைத்தான் அந்த 32 நாளில் மூன்று எலி சாப்பிட்டிருந்தது. பால் பைத்தான் இனத்தில் மூன்று சாப்பாட்டைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாகப் போவது ஒன்றும் அதிசயமில்லை.

பாம்பு ஒரு எலியை விழுங்கினால் உள்ளே நடப்பது சாதாரண ஜீரணம் இல்லை. பர்மிய மலைப்பாம்பை வைத்து நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பட்டினி கிடக்கும்போது அதன் குடல் சுருங்கிக் கிடக்கும். சாப்பிட்டதும் குடலின் எடை இரண்டு மடங்கு வரை ஏறும். இதயம்கூட இரண்டு நாளில் 40 சதவிகிதம் வரை பெரிதாகும். வேலை முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். எலும்பையும் கரைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது முடியும் நகமும்தான். பாம்பு எச்சத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே எலி முடி பின்னிக் கிடக்கும். (நான் உடைத்துப் பார்க்கவில்லை. நண்பர் பார்த்தார்.)

எவ்வளவு நாளில் வெளியே வரும் என்பது இனத்துக்கு இனம் மாறும். மரமேறுகிற, சுறுசுறுப்பாக அலைகிற ஒல்லிப் பாம்புகள் சில நாட்களிலேயே முடித்துவிடும். கார்ன் ஸ்நேக் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை டப்பா கழுவுவது அதனால்தான். ஒரே இடத்தில் படுத்து இரைக்குக் காத்திருக்கிற கனமான பாம்புகள் அப்படியே தேக்கி வைக்கும். இதில் உச்சம் ஆப்பிரிக்காவின் கபூன் விரியன். ஒரு கபூன் விரியன் 420 நாள் போகாமல் இருந்ததை 2002-ல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஒரு வருஷம், ரெண்டு மாசம்! அதுவும் நோய் இல்லாமல். உடம்பின் பின்பாதி கனமாக இருந்தால் முன்பாதியை வேகமாக வீசி இரையைக் கொத்த வசதி, அதனால் வேண்டுமென்றே 'ஸ்டாக்' வைத்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை.

அதற்காக, 'அப்போ எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை' என்று விட்டுவிடவும் கூடாது. பார்க்க வேண்டியது வேறு. வாசலுக்கு மேலே, வயிற்றின் கடைசிப் பகுதியில் கல்லு மாதிரி வீக்கம் இருக்கிறதா? சாப்பிட மறுக்கிறதா? முக்குகிறது, ஆனால் எதுவும் வரவில்லையா? வாசலில் இருந்து சிவப்பாகச் சதை துருத்திக்கொண்டு தெரிகிறதா? இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கையால் பிதுக்கி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், உள்ளே கிழிந்துவிடும். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆரம்பாக்கத்தில் இருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாம்பு வாங்குவதற்கு முன்பே டாக்டர் நம்பரை வாங்கி வைப்பது நல்லது.

நண்பரின் பாம்புக்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் அதன் அறைக்குள் நுழைந்ததும் எனக்குக் குளிர்ந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், பகல் முழுக்க ஏ.சி-யை 22-ல் வைத்துத் தூங்குகிறார். டப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியே என்ன சூடோ, அதுதான் அதன் ஜீரணத்தின் வேகம். பால் பைத்தானுக்கு டப்பாவின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் இன்னொரு பக்கம் 26 டிகிரி மாதிரியும் இருக்க வேண்டும். இது பாவம், பகலெல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்த மாவு மாதிரி கிடந்திருக்கிறது.

"எனக்குக் குளுகுளுன்னு இருந்தா அதுக்கும் நல்லா இருக்கும்னு நெனச்சேன் ப்ரோ" என்றார். பாசம்தான், ஆனால் ஆள் மாறிப்போன பாசம்.

டப்பாவை முன்அறைக்கு மாற்றினோம். வெதுவெதுப்பான தண்ணீரை, பாம்பின் முதுகு மூழ்காத அளவுக்கு ஒரு தொட்டியில் ஊற்றி, பக்கத்திலேயே இருந்து கால் மணி நேரம் விட்டோம். தண்ணீர் கையில் பட்டால் சூடு தெரியக் கூடாது, அவ்வளவுதான் அளவு. அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன். ஐந்தாவது நாள் சட்டை உரித்தது. அடுத்த நாள் காலையில், 'ப்ரோஓஓஓ' என்று ஒரு மெசேஜ், கூடவே போட்டோ. சட்டை உரித்த கையோடு போவது பாம்புகளிடம் ரொம்ப சகஜம்.

போட்டோவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த போட்டோவைப் பார்த்ததும் போன் போட்டுவிட்டேன்.

கிச்சன் சிங்க்கில் கழுவலாமா?

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே போயிருந்தது. நண்பர் அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்து கிச்சன் சிங்க்கில் வைத்திருந்தார். போட்டோவில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபீடிங் பாட்டில்! விசாரித்தால், அக்கா இரண்டு வயசுப் பையனோடு வந்திருக்கிறாராம்.

32 நாள் போகாததைவிட இதுதான் நிஜமான ஆபத்து. பாம்பு, ஆமை, ஓணான் வகைகளின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். எச்சத்தில் மட்டும் விட்டுவிட்டு வெளியேறும். அதனால் ஒரு தடவை டெஸ்ட் எடுத்து 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நமக்குத் தொற்றினால் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. பெரியவர்கள் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடுவோம். சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கலந்து மூளைக்காய்ச்சல் வரை போகக்கூடும். அமெரிக்காவில் குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோய் வாங்கிக்கொண்டதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளை விற்பதையே 1975-ல் தடை செய்தார்கள். ஐந்து வயசுக்குள் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருக்கிற வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதுதான் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

பாம்பு கடிக்கும்னு பயப்படுறோம். பால் பைத்தானுக்கு விஷம் இல்லை. பயப்பட வேண்டியது அதன் வாலடியைத் தொட்ட நம்ம கையைப் பார்த்துத்தான்.

அதனால் பாம்புச் சாமான் எதுவும் சமையலறைப் பக்கமே வரக் கூடாது. கிண்ணம், டப்பா, இடுக்கி எல்லாம் கக்கூஸிலோ, வெளிக் குழாயடியிலோ கழுவணும். கழுவிய தண்ணீர் டாய்லெட்டுக்குள் போகணும். இதற்கென்று ஒரு பிரஷ், ஒரு பக்கெட் தனியாக இருக்கணும். கழுவி முடித்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை தேய்க்கணும். பாம்பைச் சும்மா தொட்டுக் கொஞ்சினாலும் இதேதான், எச்சம் பட்ட தாளின் மேல்தானே அது ஊர்ந்திருக்கும். முத்தம் கொடுக்கிற மாதிரி ரீல்ஸ் எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு இடம் பலர் யோசிக்காதது. ஃப்ரீசர்! உறைய வைத்த எலியை மீன் கவருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் நண்பர். குளிரில் சால்மோனெல்லா சாகாது, தூங்கத்தான் செய்யும். எலிக்குத் தனியாக மூடியுள்ள டப்பா வேண்டும், முடிந்தால் தனி ஃப்ரிட்ஜே வேண்டும். அவருடைய அம்மாவுக்கு அன்றைக்குத்தான் அந்தக் கவரில் என்ன இருந்தது என்பதே தெரிந்தது. "நான் கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்புக்குக் கவரைத் தேடுறப்போ எத்தனை தடவை தொட்டிருப்பேன்டா பாவி!" என்று அவர் போட்ட சத்தம் போனிலேயே எனக்குக் கேட்டது.

பினாயில் வேண்டாம்

எச்சத்தைப் பார்த்த உடனே எடுத்துவிட வேண்டும். தாளோடு சேர்த்துச் சுருட்டி, கவரில் கட்டிக் குப்பைக்கு. டப்பாவில் நியூஸ் பேப்பர் விரிப்பதுதான் இதற்குச் சுலபம். தூக்கிப் போடலாம், என்ன வந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், செலவும் இல்லை. (நாங்கள் ராத்திரி கண்விழித்து அச்சேற்றுவது இப்படியும் பயன்படுவதில் எனக்கு வருத்தமில்லை.) தேங்காய் நார்த்தூள் அழகாக இருக்கும், ஈரமும் காக்கும். ஆனால் வெள்ளைக் கட்டி அதற்குள் புதைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பழவேற்காடு ஏரிக்காற்று வீசும் ஊரில் ஏற்கெனவே புழுக்கம். ஈரமும் எச்சமும் சேர்ந்தால் பாம்பின் அடிவயிற்றுச் செதில் பழுப்பேறி, கொப்புளம் வந்து அழுகும். காற்றோட்டம் இல்லாத டப்பாவில் இது சீக்கிரம் வரும்.

மாதம் ஒரு தடவையாவது பாம்பை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு முழுசாகக் கழுவுங்கள். இங்கேதான் நம்ம வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். தரை துடைக்கணும்னா நமக்குப் பினாயில் வாசம் வந்தால்தான் சுத்தம். பினாயில், பைன் வாசத் தரைகழுவி இவற்றில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்கள் ஊர்வனங்களுக்கு விஷம். ஆவியே நுரையீரலைக் கெடுக்கும். நண்பரும் மூடி திறந்துவிட்டார், நல்ல வேளையாக அப்போது நான் லைனில் இருந்தேன்.

முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். ஒட்டிய வெள்ளைக் கட்டி லேசில் வராது. அதுதான் தண்ணீரில் கரையாதே! சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். அழுக்கெல்லாம் போன பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். திரவ பிளீச் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் விட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, வாசம் சுத்தமாகப் போன பிறகு பாம்பை விடலாம். பிளீச்சோடு டாய்லெட் ஆசிட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு, பாம்புக்கு முன்னால் நீங்கள் மயங்கிவிடுவீர்கள். பிளீச் பயமாக இருந்தால் குளோர்ஹெக்சிடின் மருந்துக் கடையில் கிடைக்கும், எவ்வளவு கலப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பல பாம்புகளுக்கு அதில் படுத்து ஊறியபடி போவது பழக்கம். அப்புறம் அதே தண்ணீரைக் குடிக்கும். தினமும் மாற்றுங்கள். 'நாய்க்குட்டி மாதிரி ஒரே இடத்தில் போகப் பழக்க முடியுமா?' என்று கேட்பவர்களுக்கு: முடியாது. சில பாம்புகள் தானாகவே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பேப்பரைக் கனமாகப் போடுங்கள், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

எடுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம்

பாம்பு குரைக்காது, முனகாது, முகம் வாடாது. அதற்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே லெட்டர் அந்த எச்சம்தான். நல்ல எச்சம் கரும்பழுப்பாக, உருவத்தோடு இருக்கும். கூடவே வெள்ளை அல்லது தந்த நிறக் கட்டி, கொஞ்சம் தண்ணீர். வெள்ளை ஆரஞ்சாக மாறி மணல் மாதிரி காய்ந்து வந்தால் பெரும்பாலும் தண்ணீர் பற்றவில்லை. பச்சையாக வந்தாலோ, சளி மாதிரி வழிந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்துக்கு மீறி நாறினாலோ, அதை ஒரு சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். குடல் ஒட்டுண்ணியா என்று பார்க்க அதுதான் அவருக்கு வேண்டும். எலியின் உருவம் பாதி அப்படியே தெரிந்து, புளித்த நாற்றம் அடித்தால் அது எச்சமே இல்லை, வாந்தி. சாப்பிட்ட இரண்டு நாளுக்குள் பாம்பைக் கையில் எடுத்தாலும் இப்படி நடக்கும்.

கையில் எடுத்ததும் திடீரென்று குடலைப் புரட்டும் நாற்றத்தோடு ஏதாவது உங்கள் மேல் பீய்ச்சினால், அது டாய்லெட் கணக்கில் சேராது. வாலடியில் இருக்கும் சுரப்பியில் இருந்து வருகிற, 'என்னை விடு' என்கிற பயத்தின் நாற்றம். சாரையையோ தண்ணிப் பாம்பையோ பிடித்துப் பழகியவர்களுக்கு அந்த வாசம் ஆயுசுக்கும் மறக்காது.

இது யாருது?

போன வாரம் நண்பரிடம் இருந்து இன்னொரு போட்டோ. வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று, நுனியில் வெள்ளை. "ப்ரோ, எங்காளு டப்பாவுக்குள்ளதான் இருக்கு. அப்போ இது யாருது?"

பாம்பு வளர்க்காத உங்களுக்கும் இது உதவும். எலிப் புழுக்கை அரிசி மாதிரி இருக்கும், வெள்ளை இருக்காது. தேரை போட்டது பெரிசாக, பூச்சி இறக்கைகளோடு இருக்கும், அதிலும் வெள்ளை இருக்காது. பல்லியுடையதில் வெள்ளைப் பொட்டு உண்டு, ஆனால் சின்னது. பறவை எச்சம் தரையில் தெறித்த மாதிரி விழும். நீளமாக, முறுக்கிக்கொண்டு, உள்ளே எலி முடி தெரிந்து, கூடவே வெள்ளைக் கட்டியும் இருந்தால் பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் பார்த்துப் படிப்பதில் மன்னர்கள் இருளர்கள். ஊர்ந்த தடம், உரித்த சட்டை, எச்சம் என்று பாம்பு விட்டுப் போன எதையும் விடமாட்டார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே அழைக்கப்பட்டுப் போனார்கள். அங்கே ஒரு காலத்தில் வீட்டில் வளர்த்து, பிறகு காட்டுக்குள் வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கத்தான் அந்தப் பயணம். முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்க்க முடியாமல் போனால் 'ஏரியில விட்டுடலாம்' என்று நினைக்கிறவர்கள் ஃப்ளோரிடாவை ஒரு தடவை கூகுள் செய்து பாருங்கள்.

மண்ணுளிப் பாம்பை 'இருதலை மணியன்' என்று லட்சக்கணக்கில் விலைபேசி ஏமாற்றுகிறார்களே, அதற்கும் பதில் இந்த வாசலில்தான் இருக்கிறது. எந்தப் பாம்புக்கும் குளோயகா முடிகிற இடத்தில்தான் வால் ஆரம்பிக்கிறது. மண்ணுளிக்கும் அப்படியே. அந்த மொட்டை முனைக்குக் கொஞ்சம் முன்னால் அடிவயிற்றில் வாசல் இருக்கும். அதனால் அது தலையே இல்லை, வால்!

எச்சத்தை வைத்து எந்தப் பாம்பு, விஷம் உண்டா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் நண்பரிடம் சொன்னது இதுதான்: எச்சத்தை வெறும் கையால் தொடாதீங்க. துவைக்கிற கல்லுக்கு அடியில் கை விடாதீங்க. ராத்திரி அந்தப் பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும் வேண்டும். அடுக்கி வைத்த பழைய செங்கல்லை அகற்றுங்க. பாம்பைக் கண்ணால் பார்த்தால் நீங்களே 'எக்ஸ்பர்ட்' ஆகாமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்க.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி 'பாமு, பாமு' என்று தெருவையே கூட்டிவிட்டாராம். நண்பரின் அம்மா மட்டும் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, "அதான் பத்து நாளா கூரையில எலிச் சத்தத்தையே காணோமா?" என்று கேட்டாராம்.